கேரல் ரவுண்ட் முடிந்தபின் எந்த மலைக்கு? குல்மர்க், ஆலி, சோலாங், மூணாறு

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்டில் கடைசி வீடு முடியும்போது மணி ரெண்டைத் தாண்டிவிடும். குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கட்டன்சாயாவும் அச்சு முறுக்கும் தந்தார்கள். 22, 23 டிகிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்கே எங்கள் நாலு பேரில் மூன்று பேர் தலையில் குரங்குக் குல்லா. கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, பள்ளி ஆசிரியரான எங்கள் சார் சொன்னார்: “நிஜமாவே பனி கொட்டுற ஊர்ல ஒரு ராத்திரி உக்காந்து வாசிச்சுப் பாக்கணும் மக்களே.” அப்படியே காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குகிற ஸ்கீயும் கத்துக்கிடணும் என்றான் குலசேகரத்துக்காரன். பனிதானே, மூணாறு போனால் போதாதா என்றான் தம்பி. அங்கே ஆரம்பித்த வாக்குவாதம் பொங்கல் வரை ஓடியது. அதன் முடிவில் வந்து சேர்ந்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு பயணம் யோசிக்கிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் ‘பனி’ என்ற வார்த்தையே எங்களைக் கொஞ்சம் ஏமாற்றியது. மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் காரின் மேல் வெள்ளையாகப் படிவதும் பனி, காஷ்மீரில் முழங்கால் வரை புதைவதும் பனி. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் இதே கதை, மலையாளத்தில் எல்லாமே மஞ்ஞுதான். தம்பி பனி என்றது உறைபனியை. மூணாறு, கொடைக்கானல், ஊட்டி மூன்றிலும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். தேயிலைச் செடியும் புல்வெளியும் உப்பு தூவினதுபோல் இருக்கும். வெயில் ஏறினதும் போய்விடும். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், காஷ்மீரின் குல்மர்க் உயரமும் ஏறத்தாழ அதுவே. ஆனால் ஆனைமுடி பத்தாவது அட்சரேகையில் நிற்கிறது, குல்மர்க் முப்பத்துநான்கில். உயரம் ஒன்றானாலும் இங்கே பனி பெய்யாது.

ஸ்கீ வேண்டாம், குளிரில் நாலு பேர் உட்கார்ந்து பாடினால் போதும் என்பவர்களுக்கு மூணாறே சரியான விடை. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி காரில் கிளம்பினால் விடியும்போது அங்கே இருக்கலாம், ஞாயிறு ராத்திரி வீடு. செலவும் லீவும் மிச்சம். ஸ்கீயும் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஸ்கீ நீச்சல் மாதிரி. ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பழகுகிற காரியம் இல்லை. நாலு வருஷம் முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு இமாசலத்தில் மணாலிப் பக்கம் இருக்கிற சோலாங் போனபோது அந்தத் தப்பைத்தான் செய்தேன். வாடகைக் கடைக்காரர் கால் அளவையும் எடையையும் கேட்டார். பத்துப் பேர் பின்னால் நிற்கிற கூச்சத்தில் எடையில் எட்டுக் கிலோவை விழுங்கிவிட்டேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கிற பைண்டிங்கின் இறுக்கத்தை எடையை வைத்துத்தான் திருகுகிறார்கள் என்பது அப்போது தெரியாது. விழுந்தால் ஸ்கீ கழன்றுவிட வேண்டும், இல்லையென்றால் முட்டு திருகிக்கொள்ளும். அதே நேரம் சும்மா நிற்கும்போது கழலவும் கூடாது. எனக்கு நின்றால் கழன்றது, திரும்பினால் கழன்றது. போதாக்குறைக்கு, குளிருக்குப் பயந்து ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டிருந்தேன். பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் மரத்துப்போயின. மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். இதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் முடிந்தபோது கையில் மிஞ்சியது ஒரு போட்டோ, நின்றபடி எடுத்தது.

கற்றுக்கொள்கிற வரிசை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் பூட் மாட்டி நடப்பது, சரிவில் பக்கவாட்டில் படியேறுவது, விழுவது, எழுவது. இரண்டாம் நாள் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஆங்கில வி எழுத்தைக் கவிழ்த்தாற்போல் வைத்து வேகத்தைப் பிடிப்பது. பயிற்சியாளர்கள் பீட்சாத் துண்டு என்பார்கள். மூன்றாம் நாள் திரும்புவது. நாலு, ஐந்தில்தான் லிஃப்டைப் பிடித்து மேலே போய் முழுச் சரிவும் இறங்கி வருகிற தைரியம் வரும். ஆக ஒரே சரிவில் தொடர்ந்து ஐந்து நாள், இதுதான் எங்கள் முதல் அளவுகோல். இரண்டாவது அளவுகோல் சாயங்காலம். நாலு மணிக்கு மேல் சரிவு வெறிச்சோடிவிடும். அப்புறம் தூங்கப் போகும்வரை ஐந்து மணி நேரம் இருக்கிறது. எங்களுக்குப் பயணமே அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான், அதனால் நாலு பேர் உட்காரச் சூடான அறை எங்கே கிடைக்கும் என்பதும் சரிவுக்குச் சமமான கேள்வி.

சோலாங்கை இந்த அளவுகோலில் சீக்கிரம் தள்ளிவிட்டோம். மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர் போல, டெல்லியிலிருந்து ஒரே ராத்திரி பஸ், போய்ச் சேர்வது சுலபம். அதுவே அதன் கெடுதலும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த வழியில் வண்டிக் கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. சரிவு சிறியது. அதில் ஸ்னோ ஸ்கூட்டர், டியூப், குழந்தைகள், வாடகைக் கோட்டுப் போட்ட புதுமணத் தம்பதிகள். மணாலியில் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் நடத்தும் இரண்டு வார அடிப்படை ஸ்கீ வகுப்பு வேறு தரம், வயசும் லீவும் உள்ளவர்கள் அதற்குப் போகலாம். எங்களுக்கு இரண்டு வாரம் கிடையாது. ஓல்டு மணாலியில் கிட்டார் வாசிக்கிற கஃபேக்கள் நிறைய, ஆனால் ஜனவரி பிப்ரவரியில் அதில் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும். இன்னொரு விஷயம், ஆறு குளிர்கால ஒலிம்பிக்ஸில் லூஜ் (பனிக்கட்டிப் பாதையில் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துப் பாய்வது) போட்டியில் இறங்கிய சிவ கேசவன் இந்த மணாலிப் பக்கம் வளர்ந்தவர், அப்பா தலச்சேரிக்காரர். பனியே இல்லாத காலத்தில் லூஜுக்குச் சக்கரம் மாட்டி மலைச்சாலையில் பழகினார். தம்பி இதைக் கேட்டதும் ‘அப்போ ஆரல்வாய்மொழிக் கணவாயிலேயே பழகலாமே’ என்றான். அவனை அன்றைக்குப் பேசவிடவில்லை.

உத்தராகண்ட் மலையில் இருக்கிற ஆலி எனக்கு மனசுக்குப் பிடித்த இடம். ஸ்கீக்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்: 7,816 மீட்டர் நந்தா தேவி எதிரே நிற்கும்போது விழுந்தால்கூட அவ்வளவு வலி தெரியாது. சரிவு அகலம், கூட்டம் குறைவு. அந்த மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகளைத் தங்குமிடத்தோடு நடத்துகிறது. ஏழு நாள் வகுப்பு எங்கள் ஐந்து நாள் கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிடும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்த இடம்தான் இது. கொச்சுவேளியிலிருந்து (இப்போது திருவனந்தபுரம் நார்த்) ரிஷிகேஷுக்கே வாராந்திர ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஆலிக்குக் கீழே இருக்கிற ஜோஷிமட் ஊர் 250 கிலோமீட்டர் மலைச்சாலை, ஒரு முழுப் பகல்.

ஜோஷிமட்டில் இன்னொரு சுவாரசியம், நமக்குப் பக்கத்து விஷயம். பத்ரிநாத் கோயில் குளிர்காலத்தில் பனியில் மூடிவிட, பூஜை ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கு இறங்கி வரும். ராவல் என்று அழைக்கப்படுகிற பத்ரிநாத்தின் தலைமைப் பூசாரி கேரளத்து நம்பூதிரி. அங்கே போய் மலையாளத்தில் பேச ஆள் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை என்று சார் சந்தோஷப்பட்டார்.

ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட் மண் இறங்கி வீடுகளில் விரிசல் விட்டதைப் படித்திருப்பீர்கள். ஆலிக்குப் போகிற நாலு கிலோமீட்டர் ரோப்வே அப்போது நின்றது. ரோப்வே இல்லையென்றால் வண்டிதான், பனி விழுந்த நாளில் அந்த வண்டியும் சந்தேகம். சாருக்கு வயது 52, இடது முட்டில் ஏற்கெனவே ஒரு தடவை கத்தி பட்டிருக்கிறது. அவர் ஸ்கீ போடப் போவதில்லை, கிட்டாரும் சாயாவும் போதும் என்கிறார். அவரைப் பனிச்சாலையில் நடக்கவிடவோ, பகல் முழுக்க அறையில் விட்டுப் போகவோ எங்களுக்கு மனசு வரவில்லை. போதாததற்கு, ஆலியில் பனி சில வருஷம் தாராளம், சில வருஷம் கஞ்சம். செயற்கைப் பனி மெஷின் வாங்கி வைத்திருப்பதே அதைச் சொல்லிவிடும். சார் இல்லாத குழுவாக இருந்தால், எல்லாரும் முப்பதுக்குள் என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு ஆலி என்பேன்.

அப்படித்தான் குல்மர்குக்கு வந்து நின்றோம். 1927-லேயே வெள்ளைக்காரர்கள் ஸ்கீ கிளப் தொடங்கிய இடம். கோண்டோலா ரோப்வே ரெண்டு கட்டமாக ஏறுகிறது: குல்மர்கிலிருந்து கோங்டோரி, அங்கிருந்து 3,900 மீட்டருக்கு மேல் அஃபர்வட் மலைத்தோள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ரெண்டாம் கட்டத்தில் வேலையே இல்லை. அந்த மேல் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை, பனிச்சரிவு ஆபத்து உள்ளவை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். நமக்குக் கீழே கிண்ணம்போல் இருக்கிற இளஞ்சரிவும், ஆளை இழுத்துப்போகிற குட்டி லிஃப்டும் போதும். மத்திய சுற்றுலாத் துறையின் ஸ்கீ, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கே இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் பழகியவர். சாருக்கும் இங்கே வழி உண்டு. கோண்டோலாவில் கோங்டோரி வரை ஏறி, கஹ்வா என்கிற காஷ்மீர்ச் சாயா குடித்து, நாங்கள் உருளுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிவிடலாம். கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்லெட்ஜ் என்கிற சறுக்குவண்டியில் உட்காரச் சொல்லி இழுக்கிறவர்களின் தொல்லை இருக்கிறது, கன்னியாகுமரி கடற்கரையில் பாசிமாலை விற்கிறவர்களைச் சமாளித்த அனுபவம் போதும்.

குல்மர்க் ஹோட்டல் வாடகை எங்கள் கைக்கு மிஞ்சியது. அதனால் 13 கிலோமீட்டர் கீழே டங்மர்கில் வீட்டுத் தங்கல். காலையில் சங்கிலி மாட்டிய வண்டியில் ஏறுவது, சாயங்காலம் இறங்குவது. பனி விழுந்த நாட்களில் சங்கிலி இல்லாத வண்டியை டங்மர்கைத் தாண்டி விடமாட்டார்கள். தினம் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் போகும், அதை ஒத்துக்கொண்டோம். பதிலுக்குக் கிடைப்பது, புகாரி எரிகிற ஒரு வீட்டு அறை. விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு அது, புகைக்குழாய் கூரை வழியே வெளியே போகும். எங்கள் சாயங்கால அளவுகோலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குப் பட்ட அடி பெரியது. அதே சோலாங் பயணத்தில் என் நல்ல கிட்டாரைக் கொண்டுபோயிருந்தேன், மேல்பலகை ஒரே மரத்தில் செய்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மரம் அதைக் குடித்து லேசாக உப்பும், கம்பி விரல்பலகையிலிருந்து எழும்பி நிற்கும். அது பழகிப்போன கிட்டார். மணாலி அறையில் ராத்திரி முழுக்க எலெக்ட்ரிக் ஹீட்டர். குளிர்க் காற்றில் ஈரமே குறைவு, அதைச் சூடுபடுத்தினால் இன்னும் வறளும். மூன்றாம் நாள் காலை வாசிக்க எடுத்தேன். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் கீறியது. மரம் சுருங்கி, விரல்பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜிலிருந்து கீழ்விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தொட்டேன், நகம் மாட்டியது. மார்த்தாண்டத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள், கோடு போகவில்லை.

அதனால் இந்த முறை ப்ளைவுட் மேல்பலகை கிட்டார். சத்தம் கொஞ்சம் மந்தம், ஆனால் பிளக்காது. பாதி ஈரப்பதத்தில் வாழ்வதுதான் கிட்டாருக்குப் பிடிக்கும், ஐம்பது சதவீதத்துக்குப் பக்கத்தில். புகாரியின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பது அங்கே வழக்கம், காற்றுக்கும் ஈரம், சாயாவுக்கும் வெந்நீர். வெளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் மூலையில் வைக்க வேண்டும். குளிர்ந்த மரத்தில் சூடான காற்று பட்டால் கண்ணாடி டம்ளர்போல் வியர்த்துவிடும். பகல் முழுக்கக் கையுறைக்குள் இருந்த விரல் ஸ்டீல் கம்பியில் ரெண்டு பாட்டுக்கு மேல் தாங்காது, அதனால் தம்பி நைலான் கம்பி போட்ட குட்டிக் கிட்டார், உகுலேலி ஒன்றும் எடுத்துக்கொள்கிறான். தாளத்துக்கு நாங்கள் ஒன்றும் சுமக்கவில்லை. காஷ்மீரிகளின் சக்ரி பாட்டில் ரபாப், சாரங்கியோடு நூட் என்று ஒரு மண்பானை வாத்தியம் உண்டு, நம் கடத்துக்கு அண்ணன் தம்பி முறை. பானை எந்த வீட்டிலும் கிடைக்கும் என்பது குலசேகரத்துக்காரனின் நம்பிக்கை. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அது வேறு.

எப்போது போவது என்பதுதான் மலையைவிடப் பெரிய சண்டை. டிசம்பர் அரையாண்டு லீவில் கேரல் ரவுண்டும் கிறிஸ்துமஸும், அப்போது கிளம்பினால் சபையில் முகம் காட்ட முடியாது. பனியும் அப்போது நம்பிக்கையில்லை. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லாய் கலான், கடுங்குளிர். அடுத்த இருபது நாள் சில்லாய் குர்த், கடைசிப் பத்து சில்லாய் பச்சா. நாம் முன்பனி, பின்பனி என்று பிரித்ததுபோல அவர்கள் குளிரை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பொங்கல் லீவு கடுங்குளிருக்கு நடுவே விழுகிறது, கூட்டமும் அப்போதுதான். நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று போல அவர்களுக்கு மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கம், அது பொய்த்தால் பனியில்லை. 2024 ஜனவரியில் குல்மர்க் வாரக்கணக்கில் மொட்டையாகக் கிடந்தது, மாசக் கடைசியில்தான் விழுந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மர்க் பகுதியே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பனிக்காலத்தின் நாலு மாதத்தில் எதுவும் உறுதியில்லை, பிப்ரவரி நடு வாரம் மற்றதைவிடத் தேவலை, அவ்வளவுதான். குலசேகரத்துக்காரனுக்கு அது தோது. ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்விடுகிற காலம், பால்வெட்டு இருக்காது. நம் ஜில்லாவில் இலையுதிர்காலம் என்று உண்மையிலேயே ஒன்று இருப்பது ரப்பருக்கு மட்டும்தான். சாருக்குத்தான் சங்கடம், மார்ச்சில் பொதுத்தேர்வு. திருப்புதல் தேர்வுத் தாள்களைக் கையோடு கொண்டுவந்து ரயிலில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் நம்பவில்லை.

ரயில் என்றேன் இல்லையா. கன்னியாகுமரியில் வெள்ளிக்கிழமை கிளம்பும் ஹிம்சாகர், கட்ரா போய்ச் சேர மூன்று இரவு, 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓட ஆரம்பித்த பிறகு, நாகர்கோவிலில் ஏறி ரயிலிலேயே காஷ்மீர் இறங்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி வழி விமானம் என்றால் ஒரு நாள். விமானத்தில் கிட்டாரை எங்கே வைப்பார்கள் என்ற கவலை, ஸ்ரீநகரில் பனி கொட்டினால் விமானம் ரத்தாகிற கவலை. ரயிலில் லேட் ஆகிற கவலை ஒன்றுதான். நாலு நாள் கூடப் போகும் என்று தம்பி முறுக்கிக்கொண்டான், அவன் பேங்க் லீவு அப்படி. கடைசியில் போகும்போது மூன்று பேர் ரயில், அவன் விமானம். திரும்பும்போது எல்லாரும் விமானம். எந்த வழியானாலும் திரும்பும் பக்கம் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஒருத்தரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் ஸ்கீ விபத்து சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பலதில் தனியாகக் காசு கட்டினால்தான் சேரும்.

ரயில் டிக்கெட் 60 நாள் முன்னால்தான் திறக்கும். பிப்ரவரி இரண்டாவது வெள்ளிக்கு டிசம்பர் நடுவில், அதாவது கேரல் ரவுண்ட் மும்முரத்தில், காலை எட்டு மணிக்கு ஒருத்தன் தூங்காமல் உட்கார வேண்டும். அது நான்தான் என்று முடிவாகிவிட்டது. மரச்சீனிக் கிழங்கு வறுத்ததும் மட்டிப்பழமும் கொண்டுவருவது குலசேகரத்துக்காரன் பொறுப்பு. மட்டி மூன்றாம் நாள் வரை தாங்காது, அதை நாக்பூருக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும்.